நீச்சல் குளத்து வெந்நீரும் வீண்விரயமும்



வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பதைப் பற்றி எழுதுவதற்கே சற்றுத் தயக்கமாக இருக்கிறது. அது வசதி படைத்தோரின் பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் புறப்பகுதிகளில் பழைய வீடொன்றை வாங்குவோருக்குக் கொல்லைப்புறக் குளமும் சேர்ந்தே வந்துவிடுவதுண்டு. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அதை மண்ணிட்டு மூடுவதா, பராமரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான், ஊரிலிருந்து என் உம்மா எங்களோடு வந்து தங்கினார்கள். காயல்பட்டினத்து வழக்கப்படி தாய் மகள் வீட்டில் இருப்பதே இயல்பு. கடல் கடந்தும் அந்த வழக்கம் எங்களுக்கு நன்மையாகவே அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவுக்கு இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். தரையில் அமர்ந்து தொழ முடியாமல் நாற்காலியில் தொழத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நீருக்குள் நடக்கும் பயிற்சியைப் பிசியோதெரபி மருத்துவர் வலியுறுத்திச் சொன்னார். இடுப்பளவு நீரில் நின்றால் உடலின் எடையில் ஏறத்தாழப் பாதியை நீரே தாங்கிக்கொள்கிறது. தரையில் பத்து அடி நடக்க முடியாத முழங்கால், நீருக்குள் அரை மணி நேரம் நடக்கிறது. ஆனால் நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் தசைகள் இறுகிவிடும்.

பொது நீச்சல் குளத்திற்கு உம்மா வர மறுத்துவிட்டார்கள். ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் இடத்தில் இறங்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பெண்களுக்கென ஒதுக்கப்படும் நேரம் வாரம் ஒருமுறைதான் கிடைத்தது. பெண்கள் பிறர் பார்வை படாமல் வீட்டுக்கு வீடு சென்று வரத் தனி முடுக்குகளே அமைத்துக்கொண்ட ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். எழுபது வயதில் அந்த நாணத்தை மாற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆக, எங்கள் கொல்லைப்புறக் குளமே வழி என்றாயிற்று. ஆனால் அந்தக் குளத்து நீர் அக்டோபர் மாதத்தில் 16 டிகிரி செல்சியஸ் இருந்தது. மருத்துவர் கேட்டதோ 29, 30 டிகிரி.

நீரைச் சூடாக்க முடிவு செய்தபோது முதல் எதிர்ப்பு உம்மாவிடமிருந்தே வந்தது. “நான் ஒருத்தி அரை மணி நேரம் நடக்க, ஒரு குளத்துத் தண்ணியையே சுட வைக்கணுமா? இதை அல்லாஹ் கேக்க மாட்டானா?” என்றார்கள். சென்னையிலிருக்கும் காக்காவோ தொலைபேசியில், “அந்தக் காசுக்கு ஊரில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு போடலாமே” என்றார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. உளூவுக்கு ஒரு முத்து அளவு நீரும், குளிப்புக்கு ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரும் நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்தியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. அந்த அளவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 45,000 லிட்டர் நீரைக் காய்ச்சுவது என்பது மலைப்பூட்டத்தான் செய்யும். தேவைக்குச் செலவிடுவது எங்கே முடிகிறது, வீண்விரயம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு உணர்ச்சியைக் கொண்டு விடை சொல்ல இயலாது. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எனவே அளக்கத் தொடங்கினோம்.

ஒரு டிகிரியின் விலை

எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் கொண்டது. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை என்பது பள்ளியில் படித்த பாடம். அந்தக் கணக்கின்படி, இந்தக் குளம் முழுவதையும் ஒரே ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 52 யூனிட் வெப்பம் வேண்டும். எங்கள் வீட்டின் மற்ற எல்லாத் தேவைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் செலவாவது சுமார் 15 யூனிட் மின்சாரம். ஆக, குளத்தின் ஒரு டிகிரி என்பது எங்கள் வீட்டின் மூன்றரை நாள் செலவுக்குச் சமம்.

16 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்கு உயர்த்த வேண்டுமானால் 13 டிகிரி. ஏறத்தாழ 680 யூனிட். இதைப் பார்த்ததும் எனக்கே நெஞ்சு திக்கென்றது. ஆனால் இதை ஆண்டுக்கு ஒருமுறை, பருவத்தின் தொடக்கத்தில் மட்டுமே செலவிட வேண்டியிருக்கிறது. அதன் பிறகு, தினமும் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ அதை மட்டும் ஈடுசெய்தால் போதும். எனவே உண்மையான கேள்வி, எப்படிச் சூடாக்குவது என்பதன்று. சூடாக்கியது எங்கே போகிறது என்பதுதான்.

மண்பானையும் உலைமூடியும்

குளத்தின் வெப்பம் தரைக்குள் இறங்கிப் போகிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். சூழ்ந்திருக்கும் ஈர மண்ணைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதல்லவா? ஆனால் உண்மை வேறு. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கின்படி, திறந்தவெளிக் குளங்கள் இழக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு, நீர் ஆவியாவதால் மட்டுமே போய்விடுகிறது. சுமார் 20 விழுக்காடு, நீர்ப்பரப்பிலிருந்து வானை நோக்கிக் கதிர்வீச்சாக வெளியேறுகிறது. தரை உள்ளிட்ட மற்ற வழிகளில் போவது 10 விழுக்காடுதான்.

இதை உம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். அவர்களே எனக்கு விளக்கிவிட்டார்கள். “மண்பானைத் தண்ணி ஏன் குளிருது? பானை வேர்க்குது, அதனாலதானே?” என்றார்கள். அதுவேதான். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, மிஞ்சியிருக்கும் நீரின் வெப்பத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறது. மூடாமல் விட்ட நீச்சல் குளமும் மிகப் பெரிய மண்பானையே. நாம் சூடாக்கச் சூடாக்க அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது.

எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,440 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே வெப்பம் 580 லிட்டர் நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தப் போதுமானது. அதாவது, ஒரு லிட்டர் நீர் காற்றில் கலந்து போகும்போது, 580 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்வித்துவிட்டே போகிறது.

இதை எங்கள் குளத்திலேயே சோதித்துப் பார்த்தோம். நீர்மட்டம் தொடும் இடத்தில், ஓட்டின் மீது ஒட்டுநாடாவால் ஓர் அடையாளம் இட்டோம். காற்று வீசிய ஒரு நாளில், 24 மணி நேரம் கழித்து நீர் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கசிவாக இருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்தின் படியில், நீருக்குள் பெரும்பகுதி அமிழ்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். வாளிக்குள்ளும் குளத்திலும் நீர் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியாதல். குளத்தில் மட்டும் அதிகம் இறங்கினால் கசிவு. எங்கள் குளத்தில் இரண்டும் ஒரே அளவில்தான் இறங்கின.

5 மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் 32 சதுர மீட்டர் பரப்பில் அது 160 லிட்டர் நீர். அதனோடு போன வெப்பம் 108 யூனிட்; குளம் முழுவதும் இரண்டு டிகிரி குளிர்வதற்கான அளவு. சாதாரண மின்சூடேற்றி கொண்டு அதை ஈடுசெய்தால், எங்கள் கட்டணமான யூனிட்டுக்கு 30 சதம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 32 டாலர்.

பணத்தைவிட அந்த 160 லிட்டர்தான் என் மனத்தை அதிகம் உறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி 1997 முதல் 2009 வரை நெடிய வறட்சியில் வாடியது. அதன் இறுதி ஆண்டுகளில், ஒருவர் ஒரு நாளைக்கு 155 லிட்டருக்கு மேல் நீர் செலவிட வேண்டாம் என்று மெல்போர்ன் மக்களிடம் அரசு கேட்டுக்கொண்டது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து 155 லிட்டர். மூடாத எங்கள் குளமோ, யாரும் இறங்காத ஒரு நாளிலும், ஒரு மனிதருக்கான பங்கைவிட அதிகமாகக் காற்றில் கரைத்துக்கொண்டிருந்தது. உம்மா பயன்படுத்தும் வெதுவெதுப்பு வீண்விரயம் அன்று. யாருக்கும் பயன்படாமல் ஆவியாகிப் போவதுதான் வீண்விரயம். இந்த வேறுபாடு தெளிந்தபோது, எங்கள் வேலையும் தெளிந்துவிட்டது.

“அப்போ மூடி போடு” என்றார்கள் உம்மா. மூடி போடாமல் உலை வைப்பவரை அவர்கள் என்றைக்கும் மன்னித்ததில்லை.

முதலில் போர்வை, பிறகுதான் இயந்திரம்

குளத்தைச் சூடாக்கும் இயந்திரம் வாங்கச் சென்றபோது, ஒரு விற்பனையாளர் குளத்தின் அளவைக் கேட்டார். விரும்பும் வெப்பநிலையைக் கேட்டார். உடனே பெரியதோர் இயந்திரத்திற்கு விலை எழுதித் தந்தார். குளத்திற்குப் போர்வை இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. இதை வாசிக்கும் சகோதரர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் கொள்ள வேண்டுகிறேன்: இயந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது குளத்தின் அளவைவிட, அது மூடப்பட்டிருக்கிறதா என்பதுதான். வெப்பமூட்டும் செலவில் 50 முதல் 70 விழுக்காடு வரை போர்வை ஒன்றினால் மட்டுமே குறையக்கூடும் என்று அதே அமெரிக்கத் துறை கூறுகிறது. வேறெந்தக் கருவியும் தன் விலைக்கு இவ்வளவு பயன் தருவதில்லை.

நாங்கள் வாங்கியது காற்றுக் குமிழிகள் நிறைந்த பிளாஸ்டிக் போர்வை. குமிழிகள் உள்ள பக்கம் நீரைத் தொட்டபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஆவியாவதைத் தடுப்பதோடு, சூரிய வெப்பத்தின் பெரும்பகுதியை உள்ளே விடவும் செய்கிறது. நீரோடு சேர்ந்து குளோரினும் வீணாகப் போவது குறைகிறது என்பதால், மருந்துச் செலவும் இறங்கியது. போர்வையைச் சுருட்டி விரிக்க ஓர் உருளை அவசியம். அது இல்லாவிட்டால் முதல் வாரம் ஆர்வத்துடன் விரிப்போம். இரண்டாம் வாரம் சோம்பல் வந்துவிடும். இப்போது இஷாவுக்கு முன் போர்வையை விரிப்பது என் மூத்த மகனின் பொறுப்பு. போர்வை போட்ட நாள்களில் ஒட்டுநாடா அடையாளத்திலிருந்து நீர் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை.

ஓர் எச்சரிக்கை: பாதி விரித்த போர்வையோடு எவரும் குளத்தில் இறங்கக் கூடாது. அதன் அடியில் சிக்கிக்கொள்ளும் பிள்ளை வெளியே வரவும் முடியாது, வெளியிலிருப்போர் கண்ணில் படவும் மாட்டாது. போர்வை வேலிக்கும் மாற்றாகாது. விக்டோரியா மாநிலத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக்கூடிய எந்தக் குளத்துக்கும் பாதுகாப்புத் தடுப்பு கட்டாயம். 2019 டிசம்பர் முதல் உள்ளாட்சி மன்றத்தில் குளத்தைப் பதிவு செய்வதும் கட்டாயமாயிற்று.

போர்வைக்கு அடுத்தபடி காற்று. நீர்ப்பரப்பின் மீது காற்று தவழும்போது ஆவியாதல் பன்மடங்காகிறது. ஈரத் துணி காற்றடிக்கும் நாளில் விரைந்து காய்வதைப் போலத்தான் இதுவும். இங்கே எங்களுக்கு ஓர் எதிர்பாராத நன்மை வாய்த்தது. உம்மாவும் மற்றப் பெண்களும் தடையின்றி இறங்குவதற்காக, அண்டை வீட்டு மாடி நோக்கியிருந்த தெற்கிலும் மேற்கிலும் உயரமான மரத்தட்டி மறைப்பு அமைத்திருந்தோம். மெல்போர்னின் குளிர்காற்று வருவதும் தென்மேற்கிலிருந்துதான். நாணத்திற்காக எழுப்பிய மறைப்பே காற்றையும் தடுத்தது. வடக்குப் பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறோம். பூமியின் தென்பாதியில் இருப்பதால், இங்கு நண்பகல் சூரியன் வடக்கு வானில்தான் நிற்கும். அந்தப் பக்கத்தை மறைத்தால் இலவசமாக வரும் வெப்பத்தை நாமே தடுத்ததாகிவிடும்.

வெப்பத்தை இடம் மாற்றும் இயந்திரம்

இவ்வளவும் செய்த பிறகே இயந்திரத்தைப் பற்றி யோசித்தோம். மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது எரிவாயு. வீட்டோடு வந்த பழைய சூடேற்றி அந்த வகைதான். எரிவாயு விரைவாகச் சூடாக்கும். எப்போதாவது ஒரு நாள் மட்டும் குளத்தைப் பயன்படுத்துவோருக்கு அந்த வேகம் உதவும். ஆனால் எவ்வளவு திறமையான எரிவாயுச் சூடேற்றியும் எரிபொருளில் உள்ள வெப்பத்தைவிட அதிகமாகத் தர இயலாது. சற்றுக் குறைவாகவே தரும். நாள்தோறும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டிய எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

இரண்டாவது, கூரை மீது கருநிறக் குழாய்ப் பட்டைகளைப் பதித்து, குளத்து நீரையே அவற்றின் வழியே ஓடச் செய்யும் சூரிய வெப்பமுறை. வெயிலில் கிடக்கும் தோட்டத்துக் குழாயில் முதலில் சுடுநீர் வருமே, அதே தத்துவம். எரிபொருள் வேண்டாம், பம்பு ஓடும் மின்சாரம் மட்டுமே செலவு. குளத்துப் பரப்பின் பாதியிலிருந்து முழு அளவு வரைக்கும் கூரையில் இடம் வேண்டும். இடமுள்ளவர்கள் முதலில் இதையே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் கூரையின் வடக்குச் சரிவில் ஏற்கெனவே சூரிய மின்தகடுகள் இருந்தன. எனவே இந்த வழி அடைபட்டது.

மூன்றாவது, வெப்ப பம்பு எனப்படும் ஹீட் பம்ப். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டுபோகிறது. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே குளிர்ந்தும் பின்புறம் சூடாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளிருந்த வெப்பம்தான் பின்னால் வெளியேறுகிறது. ஹீட் பம்பும் அவ்வாறே, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் குளத்து நீருக்குள் செலுத்துகிறது. 18 டிகிரிக் காற்று நமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் அதனுள்ளும் வெப்பம் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவிட்டால், காற்றின் நிலையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு யூனிட் வெப்பம் வரை நீரில் சேர்கிறது. சராசரியாக ஐந்து என்று கொண்டால், குளத்தை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான 52 யூனிட் வெப்பத்திற்கு ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரம் போதும். குளோரின் கலந்த நீர் அரிக்காமல் இருக்க, வெப்பம் கைமாறும் குழாய் டைட்டானியத்தால் ஆனதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்த இயந்திரத்தின் இயல்பை அறிந்து நடத்தினால் மேலும் மிச்சமாகும். காற்று வெப்பமாக இருக்கும்போதுதான் அது குறைந்த மின்சாரத்தில் நிறைய வெப்பம் தரும். ஆகவே இரவில் ஓட்டுவது வீண். நாங்கள் காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணி வரை மட்டுமே ஓட்டுகிறோம். கூரையிலுள்ள 6.6 கிலோவாட் தகடுகள் மின்சாரம் தருவதும் அந்நேரத்தில்தான். நம் மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்றால் யூனிட்டுக்குக் கிடைப்பது சொற்பமே. அதையே குளத்தில் வெப்பமாகச் சேமித்துவிடுகிறோம். இரவில் ஓடாததால் விசிறியின் இரைச்சல் அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் கெடுப்பதில்லை. அண்டை வீட்டாருக்கு நம் மீதுள்ள உரிமையை நம்மில் அறியாதார் யார்?

நீரைச் சுற்றியனுப்பும் பம்பையும் கவனிக்க வேண்டும். வேகத்தை மாற்றக்கூடிய பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. இரு மடங்கு நேரம் ஓட்டி அதே அளவு நீரைச் சுற்றியனுப்பினாலும், முன்பு ஆன செலவில் கால் பங்குதான் ஆகும்.

போதும் என்ற அளவு

இனி எஞ்சியது ஒரே கேள்வி: எத்தனை டிகிரி? நீர்ச்சிகிச்சைக் குளங்களில் 33 முதல் 35 டிகிரி வரை வைப்பார்கள். அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஃபாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரி கூட்டினாலே, அதாவது செல்சியஸில் அரை டிகிரிக்குச் சற்று மேல் கூட்டினாலே, இடத்தைப் பொறுத்துச் செலவு 10 முதல் 30 விழுக்காடு வரை உயரக்கூடும். நீர் சூடேறச் சூடேறக் குளோரினும் விரைவில் தீரும். கிருமிகளும் எளிதில் பெருகும். மருத்துவரிடம் பேசினோம். இடைவிடாமல் நடந்துகொண்டே இருப்பவருக்கு 29 டிகிரி போதும் என்றார். அதற்கு மேல் நாங்கள் உயர்த்தவில்லை. ஒரு வாரத்திற்கு மேல் எங்கேனும் செல்வதானால், போர்வையை விரித்து இயந்திரத்தை அணைத்துவிடுகிறோம். யாரும் இறங்காத குளத்தைச் சூடாக வைத்திருப்பதைவிட, திரும்பி வந்து மறுபடி சூடாக்குவதே சிக்கனம். ஏனெனில் நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு எவ்வளவு குறைகிறதோ, இழப்பும் அவ்வளவு குறையும்.

காலத்திலும் ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் எங்கள் குளம் வெதுவெதுப்பாக இருக்கும். ஜூலை மாதத்தில் மெல்போர்னின் பகல் வெப்பநிலையே சராசரியாக 14 டிகிரிதான். அப்போதும் 29 டிகிரியில் வைத்திருக்க இயந்திரத்தால் முடியும். எங்கள் மனசாட்சியால் முடியாது. அந்த மாதங்களில், உள்ளரங்கக் குளமொன்றில் பெண்களுக்கான வாராந்திர நேரத்திற்கு உம்மாவை அழைத்துச் செல்கிறேன். வாரம் ஒருமுறை என்பது குறைவுதான். மே மாதத்தில் மூட்டு வலி மீண்டும் தலைதூக்கத்தான் செய்கிறது. எல்லாவற்றுக்கும் முழுமையான தீர்வு கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

கணக்கின் முடிவை உம்மாவிடம் சொன்னேன். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், போர்வையும் வெயிலுமே போதுமென்று, பல நாள்கள் இயந்திரம் இயங்குவதே இல்லை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் நாளொன்றுக்கு 12 முதல் 15 யூனிட் வரை ஆகிறது. அதில் பெரும்பகுதியை எங்கள் கூரையே தந்துவிடுகிறது. மூடாமல் விட்ட குளத்தை மின்சூடேற்றியால் காய்ச்சினால் நாளொன்றுக்கு 30 டாலருக்கு மேல் போயிருக்கும். இப்போது சில டாலர்களுக்குள் அடங்கிவிடுகிறது. உம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “என் ஒருத்திக்காகன்னா வேணாம். நாலு பேருக்குப் பயன்படும்னா இறங்குறேன்” என்றார்கள்.

அதன்படி, சனிக்கிழமை காலைகளில் எங்கள் பகுதியிலுள்ள ஐந்தாறு குடும்பங்களின் பெண்களும் சிறுமிகளும் வருகிறார்கள். பருவ வயது நெருங்கியதும் நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் சிலர், பயிற்சி பெற்ற ஒரு சகோதரியிடம் இங்கே மீண்டும் நீந்தக் கற்கிறார்கள். கடலும் ஆறும் குளமும் நிறைந்த இந்நாட்டில், நீந்தத் தெரியாமல் ஒரு பெண் பிள்ளை வளர்வது ஆபத்தானது. ஆழம் குறைந்த பக்கத்தில், முழு உடையுடன், சுவரைப் பிடித்துக்கொண்டும் பிடிக்காமலும் உம்மா நடக்கிறார்கள். மூன்றாவது பருவம் இது. இன்னும் நாற்காலியில்தான் தொழுகிறார்கள். ஆனால் பள்ளிவாசலின் ஆறு படிகளையும் பிறர் துணையின்றி ஏறுகிறார்கள். காக்காவின் கேள்வியையும் உம்மா மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் குளத்திற்காகும் மின்கட்டணத்தை என்னிடம் கேட்டு, அதற்கு நிகரான தொகையை ஊருக்கு ஸதகாவாக அனுப்பச் சொல்கிறார்கள். செலவு குறையும் மாதங்களில், “என்ன, இந்த மாசம் இவ்வளவுதானா?” என்று சற்று ஏமாற்றத்தோடும் கேட்கிறார்கள்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டில் நீச்சல் குளம் இல்லாமலிருக்கலாம். ஆனால் குளியலறையில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். அடுப்பில் உலை இருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவியும் இருக்கும். எதிலும் முதலில் அது எங்கே வீணாகிறது என்று பாருங்கள், பிறகு மூடுங்கள், அதன் பிறகே கூடுதலாகச் சூடாக்குவதைப் பற்றி யோசியுங்கள். நமக்குத் தரப்பட்ட நீரும் நெருப்பும் அமானிதங்கள். அவற்றைப் பேணிப் பயன்படுத்தவும், பயன்பட்டதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்பேறு அருள்வானாக. ஆமீன்.